இடது பின்கதவில் நின்றவள்

தொழில்மனைத் தனி அலுவலகத்துக்குப் புதுக் கார் வருகிறது என்ற சேதி, காருக்கு நான்கு மாதம் முன்பே வந்துவிட்டது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே மணியோசை பன்னிரண்டு பக்கச் சுற்றறிக்கையாக வந்தது. ‘புதிய கறுப்பு ஊர்தியின் மேற்பூச்சுப் பளபளப்பைப் பேணுதல்: நெறிமுறைகள்’ என்று தலைப்பு. மூன்று பிரதிகள். ஒன்று கோப்புக்கு, ஒன்று அறிவிப்புப் பலகைக்கு, ஒன்று காருக்கு.

அந்த அலுவலகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில், பிள்ளைப்பாக்கம் தாண்டி, ஒரு பழைய அரிசி மில்லில் அது நடந்தது. வரப்போகிற தொழிற்சாலைகளுக்காகச் சுற்றுவட்டார நிலங்களை எடுத்து, முள்கம்பி போட்டு, காவல் வைப்பது அதன் வேலை. ஐந்து வருஷத்தில் நிலம் வந்துவிட்டது, முள்கம்பி வந்துவிட்டது, காவலும் வந்துவிட்டது. தொழிற்சாலைதான் இன்னும் வரவில்லை. எண்பத்திரண்டாம் வருஷம் ஜூன் மாதம் வரை, பார்த்துக்கொள்ள வேலியைத் தவிர வேறொன்றும் இல்லாமல் பதினெட்டுப் பேர் பத்து மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் கையில் ஒரு புதுக் காரைக் கொடுத்தால் சும்மா இருப்பார்களா?

கார் வந்தது. அப்படியொரு கறுப்பு. பக்கத்தில் போனால் தாடையில் சவரம் செய்யாத முடியை எண்ணிவிடலாம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகு தனி அலுவலர் பாண்டுரங்கன் பேசினார். பேசுவதென்றால் அவருக்கு வெல்லம்.

“இதைக் கார்னு நினைக்காதீங்க. இது அரசாங்கத்தோட முகம். மனு கொடுக்க வர்றவன் முதல்ல இதைத்தான் பார்ப்பான். இதுல அவன் மூஞ்சி அவனுக்குத் தெரியணும். தெரிஞ்சா, நாம யாரு, அவன் யாருன்னு அவனுக்கே புரிஞ்சுடும். பாதிப் பேரு மனுவைக் கொடுக்காமலே திரும்பிடுவான். நிர்வாகம்னா அதுதான்!”

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டியவர்களில் லாசரும் ஒருவன். அவன் சட்டைப்பையில் அப்போது ஒரு மனு இருந்தது.

காரைத் துடைக்க ஆள் எடுத்த கதையே தனிக் கதை. சொரசொரப்பான கை மேற்பூச்சில் படக் கூடாது என்பது நெறிமுறை நான்கு. தலைமை எழுத்தர் கண்ணப்பன் எல்லாருடைய உள்ளங்கையிலும் ஒரு மல் துணியை இழுத்துப் பார்த்தார். காவலாளி கையில் துணி மாட்டிக்கொண்டது. பெருக்குகிற சந்திரம்மாள் கையில் கிழிந்தே போயிற்று. லாசர் கையில் மட்டும் வழுக்கிக்கொண்டு போனது. அவனும் ஒரு காலத்தில் ஏர் பிடித்தவன்தான். ஒன்றரை ஏக்கர் நஞ்சையை வேலிக்குள் விட்டுவிட்டு, வீட்டுக்கு ஒரு வேலை என்ற வாக்குறுதிப்படி தினக்கூலியாகச் சேர்ந்து, ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குக் கோப்பு தூக்கிக்கொண்டிருந்தான். மூன்று வருஷம் அரசாங்க வேலை பார்த்ததில் காய்த்துப்போன கை பஞ்சாகிவிட்டது.

இந்த இடத்தில் லாசரின் மனுவைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அவனுக்கு நிலம் திரும்ப வேண்டாம். பணம் கூட்டிக் கொடுங்கள் என்றும் கேட்கவில்லை. அவனுடைய ஊரான சூசையப்பர் தெருவை அலுவலகம் காலி செய்து, நாற்பது குடும்பங்களையும் சாலைக்கு அந்தப் பக்கம் புறம்போக்கில் குடிசை போட வைத்தது. உயிரோடிருந்தவர்கள் நடந்து போய்விட்டார்கள். கல்லறைத் தோட்டம் நடக்குமா? அது வேலிக்குள் நின்றுவிட்டது. அதில் லாசரின் மனைவி அற்புதமேரி இருந்தாள். மஞ்சள் காமாலையில் போனவள். அவனே செங்கல் அடுக்கி, சிமெண்ட் பூசி, ஈரம் காய்வதற்குள் ஆணியால் அவள் பெயரை எழுதியிருந்தான். வருஷா வருஷம் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளுக்குப் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவத்தி ஏற்றாத வீடு அந்தத் தெருவில் இருந்ததில்லை. வேலி போட்ட பிறகு மூன்று திருநாள் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே போயிற்று. ஒரே ஒரு நாள் உள்ளே போய் அவள் கல்லறையைச் சுத்தம் செய்ய அனுமதி வேண்டும். மனுவில் இருந்தது அவ்வளவுதான்.

“காருக்காக ஏதாவது கேளு, ஒரே நாள்ல வாங்கித் தரேன்” என்றார் கண்ணப்பன். கெட்ட மனிதர் இல்லை. “மனுஷனுக்காகக் கேட்டா அது மெட்ராஸ் போய்த்தான் வரணும்.”

லாசர் வேலையை ஏற்றுக்கொண்டான். வெயிலில் கழுவக் கூடாது, நிழலில்தான். முதலில் தண்ணீர் விட்டுத் தூசியைக் கழற்றாமல் துணி வைக்கக் கூடாது. இரண்டு வாளி. மேலிருந்து கீழே. கையை நேர்க்கோட்டில்தான் ஓட்ட வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் கறுப்பில் சிலந்திவலை போலக் கோடு விழும். தரையில் விழுந்த துணியைத் திரும்பத் தொடக் கூடாது. இதெல்லாம் நியாயம்தான், கறுப்புக்கு அவ்வளவு பாடுபடத்தான் வேண்டும். ஆனால் நெறிமுறை ஏழு, மோதிரம் அணிந்த கை கார் பக்கம் வரக் கூடாது என்றது. லாசரின் கல்யாண மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றி, காகித உறையில் இட்டு, அரக்கு வைத்து, ‘மோதிரம் ஒன்று, பித்தளை போன்ற தங்கம்’ என்று எழுதி இரும்புப் பெட்டியில் பூட்டினார்கள்.

பதினைந்தாம் நாள் காரில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரிந்தது. மில்லின் ஆழ்துளைக் கிணற்றில் உப்புத் தண்ணீர். காய்ந்தால் திட்டு விழும். பாண்டுரங்கன் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று பேச்சு. நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது என்று விசாரணை நடந்தது. வேலிக்குள், சூசையப்பர் தெருக் கிணற்றில் இருந்தது. கல்லறைத் தோட்டத்துக்கு நாற்பதடி இப்பால் அந்தக் கிணறு. அதை விட்டு வந்த நாற்பது குடும்பமும் குடிதண்ணீருக்கு இரண்டு மைல் நடந்துகொண்டிருந்தது. கண்ணப்பன் சொன்னது பொய்க்கவில்லை. அன்று மாலையே அனுமதிச் சீட்டு கையெழுத்தாயிற்று: ‘ஊர்திக்கான தண்ணீர் கிணற்றிலிருந்து வாயில் வரை வருவதற்கு. உடன் செல்லும் நபர் வழியில் நிற்கவோ, பிற நோக்கத்துடன் பார்க்கவோ அனுமதி இல்லை.’

“இன்னா லாசரு, காருக்கு நல்ல தண்ணியா?” என்றாள் சந்திரம்மாள், துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு. “அது எந்த வயலு உழுதுச்சு, இம்மாம் சீரு செய்றானுங்க? எங்க வூட்டுக்கு ஒரு கொடம் ஊத்திட்டுப் போயேன்.”

“பாஸ் தண்ணிக்குக் குடுத்துக்கீறாங்கோ அக்கா. எனக்கே இல்ல. நான் கூடப் போற ஆளு.”

தினமும் காலையில் அவன் வாளியோடு உள்ளே போனான். கூடவே காவலாளி. கயிறு இறைக்கிற நேரத்தில் கண் தானாக அந்தப் பக்கம் போகும். வேலிக்காத்தான் முள் ஆள் உயரம் வளர்ந்திருந்தது. அதற்கு நடுவில் அற்புதமேரியின் சிலுவை ஒரு பக்கம் சாய்ந்து தெரிந்தது. காவலாளி இருமுவான். லாசர் பார்வையைக் கிணற்றுக்குள் போட்டுக்கொள்வான்.

அவளை அவன் காரில் பார்த்தது ஜூலை மூன்றாம் வாரம், காலை ஒன்பது மணிக்கு. கழுவி முடித்து, மான்தோலால் ஈரத்தை ஒற்றியெடுத்து, இடது பின்கதவில் மெழுகு போட்டுத் துடைத்து நிமிர்ந்தான். கதவுக்குள் அவன் நின்றான். அவனுக்குப் பின்னால், சுவரோரம், நீலக் கட்டம் போட்ட சேலையில் ஒரு பெண் நின்றாள். சாப்பாட்டுக்கு நேரங்கழித்து வந்தால் இடுப்பில் கை வைத்து ஒரு நிற்பு நிற்பாளே, அதே நிற்பு. திரும்பிப் பார்த்தான். மில் சுவரும் அதில் காய்ந்துகொண்டிருந்த மஞ்சள் துணியும்தான் இருந்தன. மறுபடி கதவைப் பார்த்தான். நின்றாள்.

பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஓடவில்லை. அற்புதமேரியின் போட்டோ ஒன்றுகூட லாசரிடம் கிடையாது, எடுத்ததே இல்லை. நான்கு வருஷத்தில் அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருந்தது. மூக்கு நினைவுக்கு வந்தால் வாய் வராது. அதை யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு திரிந்தான். இப்போது முழுசாக நின்றாள், நெற்றியில் இருந்த அம்மைத் தழும்பு உட்பட. அவள் அவன் விரலைத்தான் பார்த்தாள். மோதிரமில்லாத கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான் லாசர்.

அன்றிலிருந்து இடது பின்கதவைத் துடைக்க ஒரு மணி நேரம் கூடுதலாக ஆயிற்று.

சந்தோஷம் பத்து நாள்தான். தனி அலுவலர் உட்காருகிற பக்கம் அது. ஒருநாள் ஏறுவதற்காகக் கதவருகே வந்த பாண்டுரங்கன், சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டே உள்ளே பார்த்தவர், அப்படியே நின்றார்.

“யாருய்யா அந்தப் பொம்பளை? என் பின்னாடி?”

எல்லோரும் அவர் பின்னால் பார்த்தார்கள். யாருமில்லை. எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். இருந்தாள். இப்போது அவள் பக்கத்தில் கைத்தடி ஊன்றிய ஒரு கிழவரும் நின்றார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். ஆகஸ்ட் முடிவதற்குள் கதவில் பதினொரு பேர் ஆகிவிட்டார்கள். இடுப்பில் கைக்குழந்தையோடு ஒருத்தி. ரயிலில் அடிபட்டுச் செத்த கொத்தனார் மேஸ்திரி. கோயில் மணி அடித்துக்கொண்டிருந்த குருடர். லாசருக்கு எல்லோரையும் தெரியும். பாதிப் பேரைத் தோள் கொடுத்துத் தூக்கிப் போனவனே அவன்தான். அவர்கள் யாரையும் பயமுறுத்தவில்லை, முறைக்கவில்லை, வாயைக்கூடத் திறக்கவில்லை. வரிசையாக நின்றார்கள். அலுவலக வராந்தாவில் மனுவோடு நிற்பவர்களுக்கு ஒரு பொறுமை இருக்குமே, அந்தப் பொறுமையோடு நின்றார்கள். அதைத்தான் பாண்டுரங்கனால் தாங்க முடியவில்லை. உயிரோடிருப்பவன் அப்படி நின்றால் நாளைக்கு வா என்று சொல்லலாம்.

லாசருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது: ‘அனுமதிச் சீட்டு இல்லாத நபர்கள் அரசு ஊர்தியின் மேற்பூச்சில் தெரிவதை ஏன் தடுக்கவில்லை என்று மூன்று தினங்களுக்குள் தெரிவிக்கவும்.’ எழுதியவர் கண்ணப்பன். லாசருக்குக் கடிதம் எழுத வராது என்பதால் பதிலையும் அவரே எழுதினார். பதில் திருப்திகரமாக இல்லை என்று மூன்றாவது கடிதத்தையும் அவரே எழுதினார்.

பிறகு சென்னையிலிருந்து மூவர் கமிட்டி வந்தது. அவர்களுடைய ஜீப்பிலேயே அரை அங்குலத்துக்குத் தூசி. காரைச் சுற்றி நான்கு முறை நடந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் வெறும் கதவுதான் விழுந்தது. ‘ஆதாரம் ஏதுமில்லை, எனினும் ஆட்சேபகரமானது’ என்று முதல் பத்தி எழுதினார்கள். இரண்டாம் பத்தியில் காரணம் கண்டுபிடித்தார்கள்: இது பளபளப்பின் குறையன்று, மிகை. அளவுக்கு மீறித் தேய்த்ததால் கண்ணுக்குத் தெரியத் தேவையில்லாததெல்லாம் தெரிகிறது. ஆகவே பளபளப்பில் கால் பங்கைக் குறைக்கவும்.

கால் பங்கு குறைத்துப் பார்த்தார்கள். பதினொரு பேரும் அப்படியே இருந்தார்கள். தனி அலுவலரின் முகம்தான் மங்கலாகப் போயிற்று. அது கௌரவத்துக்குக் குறைவென்று பழையபடி தேய்க்க உத்தரவாயிற்று.

கண்ணப்பன்தான் கடைசியில் நூல் பிடித்துப் போனார். லாசரைக் கதவருகே நிறுத்தி, இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பெயராகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். பழைய கோப்புகளைப் புரட்டினார். மறுநாள் தனி அலுவலர் அறையில் நின்று வாசித்தார்.

“சார், இவங்க எல்லாம் சர்வே நம்பர் நூத்திப் பதினெட்டு. கல்லறைத் தோட்டம். அந்த நிலத்தை எடுக்கிறப்போ, அங்கே புளியமரத்துல முறைப்படி நோட்டீஸ் அடிச்சிருக்கோம். ஆட்சேபணை இருந்தா முப்பது நாளுக்குள்ள நேரில் வந்து சொல்லணும்னு. யாரும் வரலை. உள்ளே இருக்கிறவங்களுக்குப் பூரண சம்மதம்னு பதிவு பண்ணியிருக்கோம்.”

பாண்டுரங்கன் கார் பக்கம் போய் நின்று, கதவைப் பார்த்தே பேசினார். நிஜமாகவே மனம் நொந்திருந்தார்.

“முப்பது நாள் டயம் கொடுத்தேனே! வேற ஆபீசரா இருந்தா பதினஞ்சு நாளோட முடிச்சிருப்பான். அப்போ வாயை மூடிக்கிட்டுப் படுத்துக் கெடந்துட்டு, இப்போ என் கார்ல வந்து நின்னா என்ன அர்த்தம்? நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? உங்களை நான் ஒரு தடவைகூடப் பார்த்தது கிடையாதே! பார்க்காமலே எவ்வளவு நல்லபடியா நடத்தியிருக்கேன்!”

பதினொரு பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். கைக்குழந்தை மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டது.

கோப்பில் புதுத் தலைப்பு விழுந்தது. ‘ஆக்கிரமிப்பாளர்கள்: பதினொருவர். முந்தைய முகவரி: சர்வே எண் 118. தற்போதைய முகவரி: ஊர்தியின் இடது பின்கதவு.’ எப்படி வெளியேற்றுவது என்ற பத்தி மட்டும் காலியாகவே இருந்தது. மந்திரவாதிக்குச் செலவுத் தலைப்பு கிடையாது. பாதிரியாரைக் கூப்பிட்டால், அவர் முதலில் கல்லறைத் தோட்டத்தைத் திறக்கச் சொல்வார்.

அக்டோபர் கடைசியில் தலையில் இடி விழுந்தது. நவம்பர் மூன்றாம் தேதி துறைச் செயலாளர் பார்வையிட வருகிறார். பாண்டுரங்கனின் காரில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலியைச் சுற்றிப் பார்ப்பார். அன்றைக்குத்தான் லாசரை முதன்முதலாகத் தனி அலுவலர் நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

“லாசர், உன் மனு என் மேஜையில நாலு மாசமா இருக்கு. நான் படிக்காமலா இருக்கேன்? நவம்பர் ரெண்டாம் தேதி, ஒரு மணி நேரம். கையெழுத்துப் போடறேன். ஆனா அதுக்குள்ள அவங்க போயிடணும். உன் ஆளுங்கதானே, நீயே சொல்லி அனுப்பு.”

லாசர் அன்று முழுக்க யோசித்தான். அவள் போய்விட்டால் முகம் மறுபடி நழுவத் தொடங்கும். போகாவிட்டால் அவள் முள்ளுக்குள் கிடப்பாள். முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பது அவனுக்காக. கல்லறையைச் சுத்தம் செய்வது அவளுக்காக. அப்படித்தான் அவன் புத்திக்குப் பட்டது.

முப்பத்தோராம் தேதி காலை, கழுவித் துடைத்த பிறகு, கதவுக்கு முன்னால் குந்தினான்.

“ஏ மேரி, கேக்குதா? நீ கொஞ்சம் போயிட்டு வா. இவங்களையும் இட்டுக்கினு போ. ரெண்டாந் தேதி நான் அங்க வரேன். பாஸ் தரேன்னிருக்காரு. முள்ளு வெட்டி, சுண்ணாம்பு அடிச்சு, சிலுவையை நிமுத்தி வச்சிடறேன். நீ இங்க நின்னுகினு இருந்தா அது நடக்காது. சொன்னாக் கேளு.”

உயிரோடிருந்தபோது அற்புதமேரி அவன் சொன்னதைக் கேட்டவள் அல்ல. ஆற்றுக்குப் போகாதே என்றால் போவாள், ஆட்டை விற்காதே என்றால் விற்றுவிட்டு வருவாள். அதனால் அன்று அவள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தலையை ஆட்டியபோது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் திரும்பினாள். மற்ற பத்துப் பேரும் அவள் பின்னாலேயே போனார்கள். கதவில் மில் சுவரும் மஞ்சள் துணியும் மிஞ்சின.

“யாராண்ட பேசிக்கினு கீறே?” என்று கேட்டபடி வந்த சந்திரம்மாள், கதவையும் அவன் முகத்தையும் பார்த்துவிட்டுத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அவனுக்கு ஒரு டம்ளர் டீ வாங்கிவந்து கொடுத்தாள்.

கண்ணப்பன் ஒரு தாளோடு ஓடிவந்தார். “ஒரு வாக்குமூலம் வேணும், லாசர். ஃபைலை மூடணுமில்ல?” என்று வேகமாக வாசித்தார்: “மேற்படி பதினொரு பேரும் யாருடைய வற்புறுத்தலுமின்றித் தாமாகவே வெளியேறிவிட்டனர் என்றும், இனித் திரும்பி வரமாட்டார்கள் என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.” அந்தத் தாளுக்கு அடியில் அனுமதிச் சீட்டின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. லாசர் அந்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

சீட்டில் நவம்பர் இரண்டு, மாலை மூன்று முதல் நான்கு வரை, ஒரு நபர் என்றிருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் சேதி பரவியது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? ஒருவனுக்குத்தான் பாஸ் என்று தெரிந்ததும், ஒவ்வொரு குடிசையிலிருந்தும் மெழுகுவத்தியோடு வந்தார்கள். எங்கம்மா பெயருக்கு ஒன்று ஏற்று, எங்க தம்பிக்கு ஒன்று, புளியமரத்துக்குக் கிழக்கே மூன்றாவது என்று அடையாளம் சொல்லிக் கொடுத்தார்கள். லாசர் திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டான். இந்த இரண்டு நாளுக்கும் வேண்டிய தண்ணீரை முன்னதாகவே இறைத்து வைத்துவிட்டதால் கிணற்றுப் பக்கம் போகவில்லை. ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சுண்ணாம்பும் சாமந்திப்பூவும் வாங்கிவந்தான். வெட்டரிவாளைச் சாணை பிடித்தான்.

இரண்டாம் தேதி மூன்று மணிக்கு வாயிலில் நின்றான். காவலாளி சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திறந்துவிட்டான். கிணறு வந்தது. கிணற்றிலிருந்து நாற்பதடி வந்தது. லாசர் நின்றான்.

முள் இல்லை. புளியமரம் இல்லை. ஒரு சிலுவைகூட இல்லை. செம்மண் கொட்டி, ரோடு உருளை ஓட்டி, தூசி எழும்பாமல் தண்ணீரும் தெளித்திருந்தார்கள். அதன்மேல் சுண்ணாம்பால் நேர் நேராகக் கோடு போட்டிருந்தது. நாளை வருகிற கார்கள் நிற்பதற்கு. ஓரத்தில் உருளை வண்டிக்காரன் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

“இங்க இருந்தது இன்னா ஆச்சு?” என்றான் லாசர்.

“காலி எடம்னு நேத்துக் காலையில பேப்பர் வந்துச்சுப்பா. அதான் ஓட்டிட்டோம்.”

லாசர் பையோடு ஓடினான். கண்ணப்பன் கோப்பை எடுத்து, விரலால் காட்டினார். அவருக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

“இதோ பாரு. நூத்திப் பதினெட்டுல இருந்த ஆளுங்க தாமாகவே வெளியேறிட்டாங்க, திரும்ப வரமாட்டாங்கன்னு நீயே கையெழுத்துப் போட்டிருக்கே. ஆளு போயிட்டா இடம் காலிதானே?”

“நான் கதவைச் சொன்னேன் சார்! காரு கதவை!”

“கதவு தற்போதைய முகவரி, லாசர். தற்போதைய முகவரியில இல்லைன்னா முந்தைய முகவரியிலயும் இல்லைன்னுதான் ஆபீஸ் எடுத்துக்கும். செயலாளர் கார் நிறுத்த இடமில்லாம தவிச்சிட்டிருந்தோம்.” அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “உன் பாஸ் நாலு மணி வரைக்கும் இருக்கு. இன்னும் இருபது நிமிஷம். வேணும்னா போய் நின்னுட்டு வாயேன்.”

லாசர் போகவில்லை. மெழுகுவத்திப் பையைத் தரையில் வைத்துவிட்டு, கார் கொட்டகைக்குப் போனான். இடது பின்கதவின் முன்னால் குந்தினான். கறுப்பில் அவன் முகம் தெரிந்தது. பின்னால் சுவர் தெரிந்தது. வெகுநேரம் பார்த்தான். பிறகு இரண்டு வாளியிலும் நல்ல தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பாலீஷ் டப்பாவைத் திறந்தான்.

மூன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு, ரோஜா மாலையோடு காரில் ஏற வந்த பாண்டுரங்கன் அலறினார். இடது பின்கதவில் கறுப்பே இல்லை. கறுப்பு தேய்ந்து, அதற்கடியில் இருந்த சிவப்புப் பூச்சும் தேய்ந்து, வெறும் தகரம் வெள்ளி மாதிரி மின்னியது. லாசர் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தான். விரல் நுனியெல்லாம் தோலுரிந்திருந்தது.

கண்ணப்பன் சுற்றறிக்கையைப் புரட்டினார். நிழலில் செய்திருந்தான். மெல்லிய துணி. கையில் மோதிரமில்லை. மேலிருந்து கீழே, நேர்க்கோட்டில் ஓட்டியிருந்தான். “விதிமீறல்னு ஒண்ணும் சொல்ல முடியலை சார்” என்றார் மெதுவாக. “ஒரு கீறல்கூட இல்லை.”

“எதுக்குடா இப்படிப் பண்ணினே?” என்று பாண்டுரங்கன் கத்தினார். “எவன் சொன்னான் உனக்கு?”

வெளியே சாலையில் செயலாளரின் கார் வருகிற சத்தம் கேட்டது. லாசர் தலையைத் தூக்கவில்லை. துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கதவின் மேல் விளிம்பில் வைத்தான்.

“கொஞ்சம் இரு சார். நான்தானே போவச் சொன்னேன். நான்தானே கூப்புடணும்.”